பிள்ளை யாரிடம்? குடும்ப வன்முறை, பிள்ளைக் காவல் வழக்குகளைத் தொடராக எழுதும்போது

கேள்வி: எட்டு எபிசோடு வெப் சீரிஸ் ஒன்று எழுதுகிறேன். கதை தமிழ்நாட்டில் நடக்கிறது. கணவனின் கொடுமை தாங்காமல் நாயகி நாலரை வயது மகளோடு தாய் வீட்டுக்குப் போகிறாள். கணவன் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போடுகிறான். சீரியல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை எழுதிக் காட்டினால் வக்கீல் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நிஜத்தில் எந்தக் கோர்ட், என்ன மனு, எவ்வளவு நாள்? குழந்தையை நடிக்க வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? முடிவை எப்படி அமைக்கலாம்?

பதில்:

வக்கீல்கள் சிரிப்பதற்கான சில்லறைக் காரணங்களை முதலில் கழித்துவிடலாம். நம் நாட்டு நீதிபதிகள் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டுவதில்லை. கீதைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதில்லை. 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயராலோ, கடவுள் பெயர் இல்லாமலோ வாயால் சொன்னால் போதும். கவுன் அணிவது உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம்; கீழ்க் கோர்ட்டில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போதும். நீதிபதியைக் கட்சிக்காரர்கள் 'அய்யா' என்பார்கள், பெண்ணாக இருந்தால் 'அம்மா'. டவாலி வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவார். குடும்பநல நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டாலே விசாரணை மூடிய அறைக்குள் போய்விடும். ஆகவே ஊரே உட்கார்ந்து கண்ணீர் விடும் கோர்ட் காட்சியை மறந்துவிடுங்கள்.

பெரிய பிழை வேறு. சீரியலில் அடி, விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை எல்லாவற்றையும் ஒரே நீதிபதி ஒரே தீர்ப்பில் முடித்துவிடுகிறார். நிஜத்தில் உங்கள் நாயகி குறைந்தது இரண்டு கோர்ட்டுக்கு நடப்பாள். வன்முறை தொடர்பான மனு நீதித்துறை நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம். பிள்ளைக் காவல் குடும்பநல நீதிமன்றத்தில்; அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டால் அது மூன்றாவது தண்டவாளம். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வாய்தா, தனிக் கேஸ் கட்டு. ஒரு கோர்ட்டில் அவள் சொன்ன ஒரு வரி அடுத்த கோர்ட்டில் அவளுக்கு எதிராகவே வாசிக்கப்படும். (குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின், சுருக்கமாக வன்முறைச் சட்டத்தின், நிவாரணங்களைக் குடும்பநல நீதிமன்றத்திலேயே கேட்க 26ஆம் பிரிவில் வழி உண்டு. திரைக்கதைக்கு இரண்டு தண்டவாளம்தான் லாபம்.) இந்த வழக்குகளில் கதை இறுதித் தீர்ப்பில் இல்லை. இரண்டு கோர்ட்டிலும் மாறி மாறி வரும் சின்னச் சின்ன இடைக்கால உத்தரவுகளில் இருக்கிறது. எட்டு எபிசோடையும் அவைதான் தாங்கும்.

இனி வரிசையாக.

வெளியேறும் இரவு. மழை, மின்னல், ஒற்றைப் பெட்டி என்று எடுக்காதீர்கள். பெண் கிளம்ப முடிவெடுக்கும் நேரமும் கிளம்பிய அடுத்த சில வாரங்களும்தான் இத்தகைய உறவுகளில் மிக ஆபத்தான காலம். பிடி நழுவுகிறது என்று தெரிந்தவுடன் கை இன்னும் இறுகும். கிளம்புகிறவளுக்கு அது தெரியும். அதனால் கோபத்தில் கிளம்பாமல், அவன் குளிக்கப் போகும் பத்து நிமிடத்தைக் கணக்குப் போட்டுக் கிளம்புவாள். எதை எடுத்தாள், எதை விட்டாள் என்பது கடைசி எபிசோடு வரை வேலை செய்யும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, நகை ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் ஒன்றை அவள் மறந்துவிடட்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் புதுப் பள்ளியில் சேர்க்கப் போய் நிற்கும் காட்சி கன்னத்தில் விழும் பத்து அறைகளுக்குச் சமம்.

மறுநாள் அரசு மருத்துவமனை. காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை எல்லாரும் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். 'எப்படி ஆச்சு?' என்ற கேள்விக்கு நோயாளி சொல்வதை மருத்துவர் அப்படியே பதிவார். கூட வந்த அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு அவள் 'படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன்' என்றால் அதுதான் பதிவாகும். ரொம்ப நாள் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'நீங்களே டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க, வாசிச்சுக் காட்டட்டுமா?' என்பார். முதல் எபிசோடில் விதைத்து ஆறாவதில் அறுக்க இதைவிட நல்ல விதை கிடைக்காது.

பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டில் இவை 1992இல் சென்னையில் தொடங்கின. சீரியல் இன்ஸ்பெக்டர் உடனே ஜீப்பில் போய்க் கணவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வருவார். நிஜத்தில் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். 'குழந்தை மூஞ்சிக்காகக் கொஞ்சம் பொறுத்துப் போம்மா' என்ற வசனம் வரும். அதைச் சொல்கிறவரை வில்லியாக்காதீர்கள், அன்று காலையில் அதே வசனத்தை அவர் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். ஆனால் சட்டம் அவரிடம் வேறொன்றையும் எதிர்பார்க்கிறது: வன்முறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, என்ன நிவாரணம் கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டப்படி உதவ அரசு நியமித்தவர்) யார், இலவச வக்கீல் உண்டு என்பதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொல்வது போலீஸின் கடமை. சொன்னாரா, விட்டாரா என்பதை வைத்தே இரண்டு விதமான காட்சி எழுதலாம்.

எஃப்.ஐ.ஆர். பதிந்தால், மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடப்பதாகக் கதை இருந்தால் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள். இங்கே உடனடிக் கைது என்பது சீரியல் பழக்கம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் போகும். ஆக, புகார் கொடுத்த அன்று மாலையே கணவன் தெருவில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டு நிற்கலாம். அவளுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று எழுதுங்கள்.

தாய் வீட்டில் கதவு திறக்கவில்லை என்றால்? 181 பெண்கள் உதவி எண். அதன்வழி ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே தற்காலிகமாகத் தங்க ஐந்து நாள் வரை இடம் கிடைக்கும். ஐந்து நாள் என்ற அந்த எண்ணையே ஒரு எபிசோடின் கடிகாரமாக்கலாம்.

இப்போது வன்முறை என்றால் என்ன என்ற கேள்வி. உங்கள் கதையில் கணவன் எத்தனை முறை அடிக்கிறான்? ஒருமுறைகூட அடிக்காமலேயே இந்தத் தொடரை எழுத முடியும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என எல்லா வகைக் கொடுமையையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. இங்கிலாந்து மனைவியை அடக்கியாளும் நடத்தையைத் தனிக் குற்றமாக்கியது 2015இல்தான் என்பதை நினைத்தால் நம் சட்டத்தின் வரையறை எவ்வளவு முன்கூட்டியது என்று புரியும். (அது குற்றவியல் சட்டம், இது பெரும்பாலும் உரிமையியல் நிவாரணம் என்ற வேறுபாடு உண்டு.) இந்தச் சட்டத்தின் விதிகளோடு இணைந்த முதல் படிவம் குடும்ப நிகழ்வு அறிக்கை. அதை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, வீட்டை விட்டு வெளியே போகவிடாதது, குறிப்பிட்ட ஆளைச் சந்திக்கக் கூடாது என்பது, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டுவது, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது என்று நீளும் பட்டியல் அது. உங்களுக்குத் தேவையான காட்சிகள் அரசாங்கச் செலவில் அச்சடித்துக் கிடக்கின்றன.

இதை நன்றாகப் பிடித்த தொடர் 2021 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் பத்து எபிசோடாக வந்த 'மெய்ட்'. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கதை. கணவனாக வாழ்பவன் கண்ணாடிக் குவளையை வீசுவான், சுவரில் குத்துவான், அவள்மேல் கை வைக்க மாட்டான். அதனாலேயே, தன்னை 'கொடுமைக்கு ஆளானவள்' என்று சொல்லிக்கொள்ள நாயகிக்கே வாய் வராது. காவல் வழக்கின் முதல் விசாரணையில் சட்டச் சொற்கள் எதுவும் அவள் காதில் ஏறாது. அந்த அறையின் குழப்பத்தைப் பார்வையாளர்களும் அவள் காதால்தான் கேட்பார்கள். அங்கே அவள் கையிலிருந்து பிள்ளை தற்காலிகமாகப் போய்விடும். காப்பியடிக்கச் சொல்லவில்லை, அந்நாட்டுச் சட்டம் வேறு. நடைமுறையையே வில்லனாக்கலாம் என்பதற்கு அது சான்று.

பாலியல் கொடுமையைத் தொடுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மனைவியிடம் கணவன் செய்யும் வல்லுறவைப் பாலியல் வல்லுறவுக் குற்றமாக நம் தண்டனைச் சட்டம் ஏற்பதில்லை. மனைவி 18 வயதுக்கு மேற்பட்டவளாக இருந்தால் விதிவிலக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் வன்முறைச் சட்டத்தில் அது பாலியல் கொடுமைதான். வக்கீல் பாத்திரம் 'ரேப் கேஸ் போடுவோம்' என்று முழங்கினால் தவறு. 'அந்தச் சட்டத்துல வழியில்ல, இந்தச் சட்டத்துல இருக்கு' என்று தாழ்ந்த குரலில் சொன்னால் சரி.

மாஜிஸ்திரேட் கோர்ட் மனு. 12ஆம் பிரிவில் போடுவது. அவளே போடலாம், பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் போடலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போட முடியும். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, நோட்டீஸ் சேர்க்க இரண்டு நாள், முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இது மாதக்கணக்கில் இழுக்கும். ஏன் இழுக்கிறது என்பதைக் காட்டுங்கள்: நோட்டீஸ் போகும்போது கதவு பூட்டியிருக்கும், வக்கீல் கவுன்டர், அதாவது பதில் மனு, போட இன்னொரு வாய்தா கேட்பார், நீதிபதி விடுப்பில் இருப்பார், வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிப்பார்கள். கணவன் இங்கே 'எதிர்மனுதாரர்' மட்டுமே. குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். பாதுகாப்பு உத்தரவு வந்து, அதை அவன் மீறினால்தான் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், பிணையில் விட முடியாத குற்றம்.

இந்தச் சட்டத்தில் திரைக்கதைக்காரர்கள் யாரும் தொடாத ஒரு புதையல் இருக்கிறது. 19ஆம் பிரிவின்படி கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு போடலாம். ஆனால் அப்படி வெளியேறச் சொல்லும் உத்தரவை ஒரு பெண்ணுக்கு எதிராகப் போட முடியாது. மாமனார், மாமியார் போன்ற கணவனின் உறவினர் பெயரில் வீடு இருந்தாலும் அது மருமகள் வாழ்ந்த 'பகிர்ந்த இல்லமாக', அதாவது அவள் தங்கியிருக்க உரிமையுள்ள வீடாக, இருக்கலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கணவன் வெளியே, மருமகளும் மாமியாரும் பேரப் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கேஸ் அடுப்பைப் பங்கு போட்டுக்கொண்டு. மகனுக்குத் தினமும் போனில் தகவல் சொல்லும் மாமியார், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருமகளோடு சேர்ந்து கண் விழிக்கிறாள். ஒரு முழு எபிசோடு இதற்கே கொடுக்கலாம்.

இதே கோர்ட் 21ஆம் பிரிவில் பிள்ளையின் தற்காலிகக் காவலைத் தாய்க்குத் தரலாம். தந்தை பார்க்க வரும் நாளை ஒழுங்கு செய்யலாம். பார்ப்பதே பிள்ளைக்குத் தீங்கு என்று தோன்றினால் மறுக்கவும் செய்யலாம். தந்தை இந்தப் பிரிவில் தனக்குக் காவல் கேட்க முடியாது. அதனால்தான் அவன் இன்னொரு கோர்ட்டுக்குப் போகிறான்.

குடும்பநல நீதிமன்றம். அவன் போடுவது 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படியான மனு. நம் ஊரில் 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்பார்கள். இது பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் போட முடியும். அவள் மூன்று வாரம் முன்பு செங்கல்பட்டிலிருந்து மதுரைக்கு வந்துவிட்டாள் என்றால் 'வழக்கமாக' எது? அவன் செங்கல்பட்டில் போடுவான். அவள் அதை மதுரைக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போவாள். வாய்தாவுக்கு வாய்தா பிள்ளையோடு ராத்திரி பஸ்ஸில் போய்வரும் காட்சிகள் இங்கே வரும்.

உங்கள் பாத்திரங்கள் இந்துக்கள் என்றால் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டமும் உண்டு. அது இயற்கைக் காப்பாளராகத் தந்தையையும், 'அவருக்குப் பின்' தாயையும் சொல்கிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'பின்' என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, அவர் கவனிக்காமலோ கவனிக்க முடியாமலோ இருக்கும்போதும்தான் என்று விளக்கியது. அதே பிரிவில்தான் ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு நாலரை வயது என்று வைத்திருக்கிறீர்கள். தெரிந்து வைத்தீர்களோ தெரியாமலோ, அருமையான இடம். ஐந்தாம் பிறந்தநாள் நெருங்க நெருங்க அவள் வயிற்றில் புளி கரையும். கணவன் தரப்பு வாய்தா வாங்கிக்கொண்டே போவதன் காரணம் அப்போது பார்வையாளருக்கு விளங்கும். ஆனால் ஐந்து முடிந்த மறுநாள் பிள்ளை தானாகக் கை மாறிவிடும் என்று எழுதிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் பிள்ளையின் நலம்தான் முதல் அளவுகோல். கிறிஸ்தவர், முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர் என்றால் சட்டப் பிரிவுகள் மாறும், அந்த அளவுகோல் மாறாது.

'அவன் பணக்காரன், பிள்ளையை அவனிடமே கொடுத்துவிடுவார்கள்' என்பது சீரியல் பயம். வருமானம் மட்டும் முடிவு செய்யாது. பணம் உள்ளவனைச் செலவுக்குக் கட்டச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குக்குப் பிறகு, ஜீவனாம்சம் கேட்கும் வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாம் விவரித்துப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன் லட்சத்தில் சம்பளம் சொன்னவன், இப்போது 'வேலை போச்சு' என்று எழுதுவான். பெண் பார்க்க வந்தபோது கொடுத்த பயோடேட்டாவை அவளுடைய அப்பா பீரோவிலிருந்து எடுக்கட்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நாயகியைத் தாலியை அடகு வைக்க விடாதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவசச் சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு கிடையாது. அது அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தாள் என்றால் சரி, அதுவும் நடப்பதுதான். இன்னொன்று: குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையல்ல, கோர்ட்டின் அனுமதியோடுதான். முதல் நாள் ஆலோசகர் முன் கணவனும் மனைவியும் மட்டும் உட்காருவார்கள். நெருப்பு பறக்கும் வாதமெல்லாம் இல்லாத அந்த அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், பேசிப் பழகியவன் ஜெயிப்பான். அவன் மென்மையாகப் பேசுவான், அவள் தடுமாறுவாள், குரல் உயர்த்துவாள். அறிக்கையில் யார் நிதானமானவர் என்று பதியும்?

இதனால்தான் கணவனை முழு ராட்சசனாக எழுதாதீர்கள் என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியை, அலுவலக மேலாளர் எல்லாரும் அவனை நல்லவன் என்பார்கள், அது பொய்யுமில்லை. வீட்டுக் கதவு சாத்தியபின் மாறும் மனிதனை எழுதுவதுதான் கடினம். பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டும் வில்லனைப் பார்க்கும் பெண் 'எங்க வீட்டுக்காரர் இப்படியெல்லாம் இல்லையே' என்று தன் வலியைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுவாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் பார்வையாளர்களிலேயே எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நாட்கள். இதுதான் என் பார்வையில் தொடரின் முதுகெலும்பு; சீரியல்கள் ஏறக்குறைய தொடவே இல்லை. இடைக்கால மனு, அதாவது ஐ.ஏ., போட்டுத் தந்தை வாரம் ஒருமுறை சில மணி நேரம் பார்க்க உத்தரவு வாங்குவான். கோர்ட் வளாகத்திலுள்ள குழந்தைகள் அறையிலோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்திலோ நடக்கும். 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கு வீடியோ அழைப்பில் பேசும் உரிமையும் வேண்டும் என்றது. ஆக நேரில் பார்ப்பதோடு தினசரி அழைப்பும் உண்டு. தகராறு வருவது எல்லாம் சின்ன விஷயத்தில்தான். பத்து மணி என்றால் பத்தேமுக்காலுக்கு வருவது. காய்ச்சல் என்று மருத்துவச் சான்றிதழோடு வராமலிருப்பது. விலை கூடிய பொம்மையைக் கொடுத்து 'அப்பா வீட்டுல இன்னும் நிறைய இருக்கு' என்பது. வீடியோ அழைப்பில் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்வது. 'அம்மா ராத்திரி போன்ல யார்கிட்ட பேசறாங்க குட்டி?' என்று சாக்லேட் பிரித்துக்கொண்டே கேட்பது. அன்றிரவு பிள்ளை படுக்கையை நனைத்தால் இரு தரப்பும் மனுவில் எழுதும், மற்றவர்மேல் பழி போட்டு. பிள்ளை தந்தையைப் பார்க்க மறுத்தால் 'தாய் மனதைக் கெடுத்துவிட்டாள்' என்ற வாதம் உடனே வரும். அந்த வாதம் சில வழக்கில் உண்மை, சில வழக்கில் வன்முறையை மறைக்கும் போர்வை. ஆறு எபிசோடு வரை எது என்று பார்வையாளருக்கும் நிச்சயமாகத் தெரியாமல் வைத்திருக்க முடிந்தால் நீங்கள் தேர்ந்த கை.

'நீ யார்கூடப் போறே, சொல்லு கண்ணு' என்று நிறைந்த கோர்ட்டில் குழந்தையைக் கேட்கும் உச்சக்கட்டம் வேண்டவே வேண்டாம். நீதிபதி தன் அறையில், வக்கீல்களும் பெற்றோரும் இல்லாமல், சில சமயம் ஆலோசகரோடு பேசுவார். விவரமாக விருப்பம் சொல்லும் பக்குவம் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. வயது எல்லை ஏதுமில்லை. நாலரை வயதுக் குழந்தையின் பதிலை யாரும் தீர்ப்பாக்குவதில்லை. அது எப்படி உட்காருகிறது, எந்தப் பெயரைக் கேட்டதும் பேச்சு நிற்கிறது என்று கவனிப்பார்கள்.

சாட்சியம். கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சி வேண்டாம். சாட்சி தன் தரப்பைச் சொல்லும் முதல் விசாரணையே எழுத்தில் பிரமாணப் பத்திரமாகப் போய்விடும், நாடகம் குறுக்கு விசாரணையில்தான். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுக்கு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கான சான்றிதழ் கேட்பார்கள்: பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. குடும்பநல நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தில் கொஞ்சம் தளர்வு காட்டலாம். கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் திருமண வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்: அவள் பதிவு செய்த மிரட்டலும் சாட்சி, அவன் அவளைச் சீண்டிக் கத்தவைத்துப் பதிந்ததும் சாட்சி.

பள்ளி வாசலிலிருந்து தந்தை பிள்ளையைத் தூக்கிப் போகும் காட்சி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் வைப்பார்கள். போலீஸ் 'கடத்தல்' வழக்குப் பதியாது. தந்தையும் சட்டப்படி காப்பாளர்தான். 'இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். காவல் உத்தரவு ஏற்கெனவே அவள் கையில் இருந்தால் நிலைமை மாறும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்; ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளை என்பதால் அங்கே அவள் கை ஓங்கலாம். இந்தக் காட்சிக்கு முன்பே அவள் பள்ளிக்கு உத்தரவின் நகலைக் கொடுத்தாளா என்று எழுதி வையுங்கள்.

படப்பிடிப்பு. குழந்தை நடிகருக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். கொடுக்கும் உறுதிமொழி ஆறு மாதம் செல்லும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமான வங்கியில் குழந்தை பெயரில் வைப்புநிதி. இதெல்லாம் 2017இல் திருத்திய விதி. அதற்கு மேல் மனசாட்சி விதி ஒன்று: கத்தும் நடிகரையும் குழந்தையையும் ஒரே ஷாட்டில் வைக்காதீர்கள். குழந்தையின் முகத்தைத் தனியாக எடுங்கள், எதிரே நிற்கிறவர் விளையாட்டுப் பேச்சு பேசட்டும்; சத்தத்தை டப்பிங்கில் சேர்க்கலாம். நிஜமாக அழவைத்து எடுத்த ஷாட் திரையில் தெரிந்துவிடும், பார்க்கவும் கூசும். கதை நிஜ வழக்கைத் தழுவியது என்றால் ஊர், தொழில், பிள்ளையின் வயது எல்லாவற்றையும் மாற்றுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அந்தச் சட்டப்படி நடக்கும் வழக்கின் விசாரணை விவரங்களை வெளியிடுவதையே தடுக்கிறது.

முடிவு. காவல் உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்லை. சூழல் மாறினால் எந்த நேரமும் மாற்றக் கேட்கலாம். இரு தரப்பும் சம்மதித்து எழுதிய உத்தரவாக இருந்தாலும் அப்படித்தான் என்று 1973இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே 'வென்றாள்' என்று முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஜூன் மாதம், புதுப் பள்ளி, சேர்க்கைப் படிவம் என்று முடித்துப் பாருங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்று ஒரு கட்டம். அவள் தன் எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் வைத்திருக்கிறாள். அங்கே ஒரு எண்ணா, இரண்டு எண்ணா என்பது ஆறாவது எபிசோடில், சாக்லேட் பிரித்துக்கொண்டே அவன் பிள்ளையிடம் என்ன கேட்டான் என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்வியை முதலில் எழுதிவிடுங்கள்.